உறைமேல் எழுதாத பெயர்

கீழவைப்பார் விளை
2-2-1974

ராஜதுரையின் அப்பா அவர்களுக்கு,

எட்டு நாள் என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. இன்னும் எழுதாமல் இருந்தால் ஆள் அனுப்பிவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை.

கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் நான் உங்களுக்கு எழுதுகிற முதல் கடிதம் இது. பிரிந்திருந்தால்தானே எழுதுவதற்கு? மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை என் கையெழுத்துதான் முதல். அந்தக் கையெழுத்தில் இதுவரை பலசரக்குச் சீட்டு மட்டும்தான் எழுதியிருக்கிறேன்.

அப்பா எனக்கென்று விட்டுப்போன நாற்பது பனை நிற்கும் இந்த விளையும் இரண்டு அறை ஓட்டு வீடும் இப்படியா கிடக்கும் என்று வந்த அன்று அழுகை வந்தது. ஓடு மாற்றி, சுவருக்கு வெள்ளை அடித்து, கிணற்றில் தூர் எடுத்தாயிற்று. இப்போது விடிந்ததும் அடுக்களை வாசல்படியில் கருப்பட்டிக் காப்பியோடு உட்கார்ந்துவிடுகிறேன். பக்கத்தில் ரேடியோ. இலங்கை ஸ்டேஷன் அடுத்த வீட்டில் பாடுகிற மாதிரி கேட்கிறது. முருங்கை பூத்துக் கொட்டுகிறது, அணில்கள் படுத்துகிற பாடு கொஞ்சமில்லை. வெயில் ஏறியதும் நார்க்கட்டிலுக்கு நார் பின்னுகிறேன். சாயங்காலம் பக்கத்து வீட்டு மரியசெல்வி மீன் விற்றுத் திரும்பும்போது அவளோடு கடற்கரைக்குப் போய்ச் சிப்பி பொறுக்குகிறேன். கனகாம்பரப் பாத்தியைச் சுற்றி அந்தச் சிப்பியைப் பதிக்கிறேன். ஒரு பக்கம் முடிந்தது, மூன்று பக்கம் பாக்கி.

பனி குறைந்துவிட்டது. மாசி பிறந்தால் பதனீர் இறக்கப் பனையில் பாளை கட்டுவார்கள். அதையும் பார்த்துவிட்டு வரலாம் என்று இருக்கிறேன்.

ஒன்று சொல்ல மறந்தேன். பரணைத் துடைக்கும்போது நீங்கள் செதுக்கிய தோணி கிடைத்தது. பூவரசு மரத்தில் செய்தீர்களே, அதுதான். ஒரு கீறல் இல்லை. பாய்மரமும் பாயும் மட்டும் இல்லை. துடைத்து ஜன்னலில் வைத்திருக்கிறேன்.

ராத்திரி முட்டிக்கு எண்ணெய் தடவ ஆள் இல்லாமல் இருப்பீர்கள். தைல சீசா சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

வடிவம்மாள்

*

தூத்துக்குடி
9-2-74

வடிவம்மாளுக்கு,

2-ந் தேதியிட்ட கடிதம் 5-ந் தேதி வரப்பெற்றது. விவரம் அறிந்தேன்.

முதலில் ஒரு விஷயம். கடை விலாசத்துக்கு வரும் தபாலை எல்லாம் கணக்கப்பிள்ளை வன்னியபெருமாள் பிரித்து உரக்கப் படிப்பார், நான் கல்லாவில் இருந்தபடியே கேட்டுப் பதில் சொல்லுவேன். இருபத்தைந்து வருஷமாக இதுதான் நடைமுறை என்பது உனக்குத் தெரியாதா? விருதுநகர் பருப்பு மண்டிக் கடிதம் என்று நினைத்து உன் கடிதத்தைப் பிரித்தார். கண்ணாடி போடாத மனிதர், எழுத்து எழுத்தாகக் கூட்டிக்கொண்டே போய், என்ன படிக்கிறோம் என்று அவருக்கே புரிவதற்குள் முட்டிக்கு எண்ணெய் தடவுகிற இடம் வந்துவிட்டது. கடையில் எட்டுப் பேர் நின்றார்கள். மிளகாய் வத்தல் வாங்க வந்த துறைமுகத்து மேஸ்திரி, "அண்ணாச்சி, நான் வேணா தடவி விடட்டா?" என்கிறான். சிரிப்பு ஓய அரை மணி நேரம் ஆயிற்று.

ஆகவே இனிமேல் உறையில் என் பெயரைப் போடு. பெயருக்கு வருவதை அவர் பிரிக்க மாட்டார்.

ரேடியோவை என்னைக் கேட்காமல் எடுத்துப் போனது சரியில்லை. மருமகள் குழம்பில் புளி சேர்ப்பதே இல்லை, கேட்டால் வயிற்றுக்கு நல்லது என்கிறாள். பனையில் பாளை கட்டுவதை நீ பார்த்ததே இல்லையா? அடுத்த வாரம் புறப்பட்டு வரவும்.

தோணியை அடுப்பில் வை. பூவரசு நன்றாக எரியும்.

இப்படிக்கு,
ந. காசிலிங்கம்

*

கீழவைப்பார் விளை
15-2-1974

ராஜதுரையின் அப்பா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன், மூன்று தடவையும் சிரித்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள். மேஸ்திரி கேட்டதில் என்ன தப்பு? தடவி விடச் சொல்லியிருக்கலாம்.

உறையில் பெயரைப் போடு என்று சுலபமாக எழுதிவிட்டீர்கள். கட்டின புருஷன் பெயரை நான் எப்படி எழுதுவேன்? உங்கள் பெயரில் பாதி இருக்கிறது என்பதற்காக வடக்கே கங்கைக்கரை ஊரையே நான் வாயால் சொன்னதில்லை. 'பெரிய கோயில் ஊர்' என்றுதான் சொல்லுவேன். நீங்கள் ஒரு தடவைகூட அதைக் கவனித்ததில்லை போலிருக்கிறது.

சரி, வேறு யாரையாவது எழுதச் சொல்வோம் என்று மரியசெல்வியின் மகளைக் கூப்பிட்டேன். ஆறாவது படிக்கிறாள். பேனாவை வைத்துக்கொண்டு, "பேரு என்ன ஆச்சி?" என்றாள். நான் எப்படிச் சொல்ல? "வடக்க ஒரு பெரிய கோயிலு. சனங்க தலைமுழுகப் போவாக. பாவமெல்லாம் போயிரும்" என்றேன். அவள் கொஞ்சம் யோசித்து, "வேளாங்கண்ணியா ஆச்சி?" என்றாள். அவள் மேல் குற்றமில்லை. அவர்களுக்கு அதுதானே பெரிய கோயில்? 'திரு. வேளாங்கண்ணி அவர்கள்' என்று எழுதிய உறை ஒன்று என்னிடம் இருக்கிறது. வேண்டுமானால் அனுப்புகிறேன்.

அதனால் பழைய விலாசத்துக்கே அனுப்புகிறேன். மேலே 'வீட்டுக் கடிதம், கணக்கப்பிள்ளை பிரிக்கக் கூடாது' என்று எழுதியிருக்கிறேன். போதும்தானே?

தோணியை எரிக்க மாட்டேன். எரிக்கிற சாமானையா மனுஷன் அப்படி வழவழவென்று தேய்ப்பான்? தண்ணீர் புகுகிறதா என்று பார்க்க நேற்று அண்டாவில் மிதக்கவிட்டேன். சாயாமல் நின்றது.

சிப்பி இரண்டாவது பக்கம் பாதி வந்துவிட்டது. அடுத்த வாரம் வரவில்லை.

வடிவம்மாள்

*

தூத்துக்குடி
22-2-74

வடிவம்மாளுக்கு,

'கணக்கப்பிள்ளை பிரிக்கக் கூடாது' என்று எழுதினாய் அல்லவா, உறையைத் தபால்காரர் படித்தார், வன்னியபெருமாள் படித்தார், ராஜதுரை படித்தான், கடைப் பையன்கள் படித்தார்கள். மேஸ்திரி தினமும் வந்து, "அண்ணாச்சி, வீட்டுக் கடுதாசி வந்துட்டா?" என்று கேட்டுப் போகிறான். ஒன்றும் வாங்குவதில்லை.

வேளாங்கண்ணி விஷயம் யாருக்கும் தெரிய வேண்டாம்.

கடையில் பெயர்ப்பலகை மாற்றியாயிற்று. செந்தில் பலசரக்குக் கடை இல்லை இப்போது, ராஜதுரை ஸ்டோர். பச்சை எழுத்து, ராத்திரி உள்ளே விளக்கு எரியும். நல்லதுக்குத்தான் செய்கிறான், நான் குறை சொல்லவில்லை. கல்லாவில் அவன் உட்காருகிறான். எனக்குச் சுவர் ஓரமாக ஒரு நாற்காலி போட்டு, மேலே மின்விசிறியும் மாட்டியிருக்கிறான். பழைய வாடிக்கையாளர் வந்தால் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு அவனிடம் சாமான் கேட்கிறார்கள். விசிறிக் காற்று நன்றாகத்தான் இருக்கிறது.

சும்மா தெரிந்துகொள்வதற்காகக் கேட்கிறேன். தோணியின் நடுவில் பாய்மரம் நிறுத்த நான் ஓட்டை போட்டிருந்தேனா? இருந்தால் பெருவிரல் நுழையுமா, சுண்டுவிரல் நுழையுமா? தோணி நுனியிலிருந்து நுனிவரை எத்தனை சாண்?

வேறு ஒன்றுமில்லை.

ந. காசிலிங்கம்

*

கீழவைப்பார் விளை
27-2-1974

ராஜதுரையின் அப்பா அவர்களுக்கு,

சுண்டுவிரல் நுழையும். நீளம் மூன்று சாண், நாலு விரற்கடை. சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டதாக எழுதியிருந்தீர்கள், நானும் சும்மாதான் அளந்தேன்.

பலகை மாற்றியதைப் படித்து எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. நாற்காலி சுவர் ஓரமாக இருக்கிறது என்று எழுதினீர்கள். அதில் உட்கார்ந்திருப்பவரின் முகம் எப்படி இருக்கிறது என்று எழுதவில்லை.

இன்று முதல் பதனீர் இறங்கியது. பனையேறும் மாசானம் பொழுது விடியக் கொண்டுவந்து, "மதினி, இந்த வருசத்து மொதப் பயினி, நீங்கதான் குடிக்கணும்" என்றான். ஓலையை மடித்த பட்டையில் ஊற்றிக் கொடுத்தான். குடிக்கத் தெரியவில்லை எனக்கு. முழங்கையெல்லாம் வழிந்துவிட்டது. நீங்கள் கல்யாணமான வருஷம் எனக்கென்று தனியாக ஒரு சின்னப் பட்டை மடித்துத் தருவீர்கள். மூக்கு இடிக்காத மாதிரி ஓரத்தைக் கிள்ளி வைத்திருப்பீர்கள். அப்படி மடிக்க இங்கே யாருக்கும் தெரியவில்லை. மாசானம் கேட்டுவிட்டுச் சிரிக்கிறான்.

நமக்குக் கல்யாணமாகி இங்கே இருந்த அந்த மூன்று மாதம் ஞாபகம் இருக்கிறதா? உங்களுக்குத் தொழில் ஒன்றும் அமையாத சமயம், அப்பா இங்கே வந்து இருக்கச் சொன்னார். நீங்கள் பகலெல்லாம் பூவரசு மரத்தடியில் தோணி செதுக்குவீர்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டி முடைவேன். பேசவே மாட்டோம். செதுக்கிய தூளைக் கொண்டுபோய் நான் அடுப்புப் பற்றவைப்பேன். அதைவிட நல்ல நாள் எனக்கு அதற்கப்புறம் வந்ததில்லை. நாலு பிள்ளை பெற்றேன், நகை போட்டேன், சொந்த வீடு கட்டினோம், எல்லாம் சரி. ஆனால் அப்படி ஒரு நாள் வரவில்லை.

பிறகு பதனீர் நன்றாக இறங்குகிற சமயத்தில், சித்திரையில், ஒரே நாளில் பெட்டியைக் கட்டு என்று சொன்னீர்கள். வண்டியில் தூத்துக்குடி வரை அழுதுகொண்டே வந்தேன். ஏன் என்று இன்றுவரை நீங்கள் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒரு ராத்திரிகூட நீங்கள் இந்த வீட்டில் தங்கியதில்லை. உங்களுக்கு இந்த இடமே பிடிக்காது என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

இப்போது சொல்லிவிடுகிறேன். நான் அங்கே திரும்பி வருவதாக இல்லை. கோபமில்லை, யாரோடும் சண்டையில்லை. நாலு பேரையும் கரையேற்றியாயிற்று. மிச்சமிருக்கிற நாளை இங்கே இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். நீங்களும் வர வேண்டும். தனியாக எனக்கு இது பாதிதான் இனிக்கிறது.

வடிவம்மாள்

*

தூத்துக்குடி
6-3-74

வடிவுக்கு,

தோணி நீளத்துக்கே பாய்மரம் ஒன்று செய்து, வேம்பார் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். துணியில் சுற்றி உன் பெயர் எழுதியிருக்கிறது. சுவர் ஓர நாற்காலியில் உட்கார்ந்தபடியே செதுக்கினேன். நாலு நாள் பிடித்தது. கை இன்னும் மறக்கவில்லை. சுற்றியிருக்கும் வெள்ளைத் துணி பாய்க்கு ஆகும், கிழித்துவிடாதே.

வரச் சொல்கிறாய். அதற்குப் பதில் எழுத உட்கார்ந்து, இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இது மூன்றாவது.

அந்தச் சித்திரையில் நடந்தது இதுதான். நான் கிணற்றுக்குப் பின்னால் உளி தீட்டிக்கொண்டிருந்தேன். உன் அப்பாவைப் பார்க்க யாரோ வந்திருந்தார்கள். "மருமவன் என்ன செய்யுதாரு?" என்று கேட்டார்கள். உன் அப்பா, "என்னத்தச் செய்ய? வீட்டோட மாப்பிள்ளையா இருக்காரு, பொம்மைக் கப்பல் செதுக்குதாரு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். வந்தவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

அன்று தோணியைப் பரணில் போட்டேன். மறுநாள் உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தேன். ஒரு மூட்டை கருப்பட்டியை வைத்துத் தெருவோரத்தில் கடை போட்டது உனக்கே தெரியும். அதற்குப் பிறகு எந்த மரத்தையும் நான் உளியால் தொட்டதில்லை, இந்தப் பாய்மரம்வரை.

அறுபது வயதில் கடையை மகனிடம் விட்டுவிட்டு, மாமனார் கொடுத்த விளையில் போய் உட்கார்ந்தால் என்ன பெயர் அதற்கு? அவர் இல்லை, சொல்ல ஆள் இல்லை என்கிறாயா? நான் இருக்கிறேனே.

நீ வா. உனக்கு மாடியில் கனகாம்பரம் வைக்கத் தொட்டி கட்டித் தருகிறேன்.

காசிலிங்கம்

*

கீழவைப்பார் விளை
10-3-1974

ராஜதுரையின் அப்பா அவர்களுக்கு,

பாய்மரம் பத்திரமாக வந்தது. அழகாக இருக்கிறது. ஆனால் தோணியில் நிறுத்தினால் தோணி சாய்ந்துவிடுகிறது. நாலு தடவை நிறுத்திப் பார்த்தேன். பிறகுதான் விஷயம் புரிந்தது. நான் என் கையால் மூன்று சாண் என்று அளந்தேன். நீங்கள் உங்கள் கையால் மூன்று சாண் வெட்டியிருக்கிறீர்கள். உங்கள் மூன்று சாண் என் கைக்கு நாலு சாணுக்குக் கிட்ட வருகிறது. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் இது இரண்டு பேருக்குமே தோன்றவில்லை பாருங்கள்.

இனி அப்பா சொன்ன விஷயம். படித்ததும் எனக்கு வந்த கோபத்தில் சுவரில் இருந்த அவர் படத்தைத் திருப்பி வைத்தேன். இரண்டு நாள் கழித்து நேற்றுத்தான் நிமிர்த்தினேன். அவர் அப்படிச் சொன்னது தப்பு. யார் என்ன சொன்னாலும் அது தப்புத்தான்.

ஆனால் அதை என்னிடம் சொல்லாமல் முப்பத்தாறு வருஷம் வைத்திருந்தீர்களே, அது என்ன நியாயம்? அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் அப்பாவிடம் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். வண்டியில் அழாமல் வந்திருப்பேன். ஒவ்வொரு வருஷமும் மாசி பங்குனியில் 'விளைக்கு ஒருநாள் போய் வருவோமா' என்று நான் கேட்பதும், நீங்கள் கடையைச் சாக்குச் சொல்லுவதும், நான் வாயை மூடிக்கொண்டு புளி கரைக்கப் போவதும் நடந்திருக்காது. எனக்குப் பிடித்தது எதுவுமே உங்களுக்குப் பிடிக்காது என்று நினைத்துத்தான் பாதி வயதைக் கழித்திருக்கிறேன். இதை எழுதும்போது அழுகை வருகிறது, அதனால்தான் மை பரவியிருக்கிறது. தண்ணீர் கொட்டிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

இந்த விளை இப்போது அப்பாவுடையது இல்லை. என் பெயரில் இருக்கிறது. மாமனார் வீட்டுக்கு வர வேண்டாம். என் வீட்டுக்கு நான் கூப்பிடுகிறேன். வந்து பாய்மரத்தை உங்கள் கையாலேயே அளந்து வெட்டுங்கள்.

வேம்பு துளிர்த்துவிட்டது. இன்னும் பத்து நாளில் பூக்கும்.

வடிவம்மாள்

*

தூத்துக்குடி
14-3-74

வடிவுக்கு,

உன்னிடம் சொல்லாதது என் தப்பு. சொல்லியிருந்தால் நீயும் சிரித்துவிடுவாயோ என்று அப்போது பயமாக இருந்தது. வயது இருபத்து நாலு. உன்னை அவ்வளவு தெரியாது.

கூப்பிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். யாரைக் கூப்பிடுகிறாய்? இதுவரை வந்த கடிதம் எல்லாம் கடைக்கு வந்திருக்கிறது, உள்ளே ராஜதுரையின் அப்பாவுக்கு வந்திருக்கிறது. கல்யாணப் பத்திரிகையில் பெயர் எழுதாமல் இன்னாருடைய அப்பா என்று எழுதிக் கொடுத்தால் யாராவது போவானா? பலகையில் மகன் பெயர் ஏறியாயிற்று, கல்லாவிலிருந்து என்னை எடுத்தாயிற்று. இந்த ஊரில் அண்ணாச்சி என்கிறார்கள், வீட்டில் தாத்தா என்கிறார்கள். எனக்கென்று ஒரு பெயர் இருக்கிறது என்பது எனக்கே மறந்துவிடும் போலிருக்கிறது.

உறைமேல் என் பெயர் போட்டு, உன் கையெழுத்தில், ஒரு கடிதம் வரட்டும். மரியசெல்வி மகள் கையெழுத்து வேண்டாம். அந்தக் கடிதம் வந்த மறுநாள் புறப்பட்டு வருகிறேன். வீட்டோட மாப்பிள்ளை என்று யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். பெயர் சொல்லி அழைத்தார்கள், வந்தேன் என்பேன்.

காசிலிங்கம்

*

கீழவைப்பார்
18-3-1974

ராஜதுரையின் அப்பா அவர்களுக்கு,

இந்தக் கார்டு கிடைத்ததும் உடனே இரண்டு வரி எழுதுங்கள். உடம்பு எப்படி இருக்கிறது? நேற்றுச் சாயங்காலம் ஆறு மணிக்கு நன்றாக இருந்தீர்களா? ராத்திரி? ஏன் என்று கேட்க வேண்டாம். பதில் வரும்வரை எனக்குச் சோறு இறங்காது.

வடிவம்மாள்

*

தூத்துக்குடி
20-3-74

வடிவுக்கு,

நன்றாக இருக்கிறேன். 17-ந் தேதி சாயங்காலம் ஆறு மணிக்குக் கடற்கரையில் நடந்துவிட்டு வந்து, இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன். ராத்திரி நல்ல தூக்கம். முட்டி வலிகூட இல்லை. என்ன விஷயம்? உனக்கு என்ன? மரியசெல்வியைத் துணைக்குப் படுத்துக்கொள்ளச் சொல்.

கார்டைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனது சரியில்லை. பெயர் எழுதச் சொன்னது வேண்டாத வீம்பு. அதை மறந்துவிடு. நீ எப்படி எழுதுகிறாயோ அப்படியே எழுது, எழுதாமல் மட்டும் இருக்காதே. வருவது பற்றி யோசித்துச் சொல்லுகிறேன்.

காசிலிங்கம்

*

கீழவைப்பார் விளை
25-3-1974

உங்களுக்கு,

உறையைப் பார்த்திருப்பீர்கள். பார்த்தவுடன் முதல் வேலையாக அந்த உறையை அடுப்பில் போட்டு எரித்துவிடுங்கள். எரித்துவிட்டு மேலே படியுங்கள். மறக்க வேண்டாம்.

என் பேச்சியக்காவை நினைவிருக்கும். அத்தான் கொழும்புக்குக் கருப்பட்டி ஏற்றிப்போன தோணி திரும்பி வரவே இல்லை, ராஜதுரை பிறந்த வருஷம். அது எல்லோருக்கும் தெரியும். அக்கா என்னிடம் மட்டும் ஒன்று சொன்னாள். தோணி புறப்படுகிற அன்று துறைமுகத்தில் அத்தான் ஒரு சிப்பத்தை மறந்துவிட்டுப் போய்விட்டாராம். அங்கே இருந்த ஆபீசர், "இது யார் சாமான்?" என்று அதட்டினாராம். பயத்தில் அக்கா அத்தான் பெயரை வாயால் சொல்லிவிட்டாள். "நாந்தான்ளா அவுகளக் கொன்னேன்" என்று சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தாள். அப்படியெல்லாம் இல்லை என்று அவளுக்கு ஆயிரம் தடவை ஆறுதல் சொன்னவள் நான். ஆனால் எனக்குள்ளும் அந்தப் பயம் அன்றைக்கு உட்கார்ந்ததுதான்.

நீங்கள் பெயர் எழுதச் சொன்ன கடிதம் வந்த மறுநாள், சாயங்காலம் கடற்கரைக்குத் தனியாகப் போனேன். சிப்பி பொறுக்குகிற குச்சியால் ஈர மணலில் எழுதிப் பார்த்தேன். எழுத்து அழகாகத்தான் வந்தது. பயந்துபோய் அலை வந்து அழிக்கிறவரை நின்றேன், அலை சீக்கிரம் வரவில்லை. அது 17-ந் தேதி, ஆறு மணி. அப்புறம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதனால்தான் அந்தக் கார்டு. இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன் என்று எழுதினீர்களே, அந்த வரியைப் படித்துத்தான் மூச்சு வந்தது.

வேண்டாம், மறந்துவிடு என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த பிறகுதான் எழுத வேண்டும் என்று தோன்றியது. கேட்டு வாங்குகிற ஆள் இல்லை நீங்கள். முப்பத்தாறு வருஷத்தில் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் நான் பயந்துகொண்டு வைத்துக்கொண்டால், நீங்கள் உங்கள் மனக்குறையை ஒளித்து வைத்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஒரே தடவைதான். இனிமேல் எழுத மாட்டேன், கேட்கக் கூடாது. எழுதியதற்கு ஈடாக நீங்கள் என் கண் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ள வேண்டும். காலையும் சாயங்காலமும் நான் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வரும்போது என் மூக்குக்கண்ணாடியை எடுத்து வாருங்கள். மேஜை இழுப்பறையில் இருக்கிறது. இங்கே கொண்டுவந்த பழைய கண்ணாடியில் ஊசி கோக்க முடியவில்லை. பாய் தைக்க வேண்டுமே.

சிப்பி நாலு பக்கமும் முடிந்தது. வேம்பு பூத்துவிட்டது. உறையை எரித்துவிட்டீர்கள்தானே?

வடிவு

*

தூத்துக்குடி
28-3-74

வடிவுக்கு,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போவதில்லை. நாளை வெள்ளிக்கிழமை, காலை வேம்பார் பஸ்ஸில் நானே கொண்டு வருகிறேன். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

இன்று பதினொரு மணிக்குத் தபால்காரர் வந்தார். வன்னியபெருமாள் வழக்கம்போல் எல்லாவற்றையும் வாங்கினார். ஒரு உறையைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு எழுந்து, கல்லாவைத் தாண்டி, சுவர் ஓரம் என் நாற்காலி வரைக்கும் நடந்து வந்தார். "அண்ணாச்சி, ஒங்க பேருக்கு வந்திருக்கு" என்று இரண்டு கையாலும் கொடுத்தார்.

'திரு. ந. காசிலிங்கம் அவர்கள்.' உன் எழுத்து. 'ங்' மட்டும் கொஞ்சம் கோணியிருக்கிறது, மற்றபடி அச்சு மாதிரி இருக்கிறது. எனக்கு அறுபது வயது ஆகிறது. என் பெயரைச் சீட்டில், பில்லில், பத்திரத்தில், வரி ரசீதில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இவ்வளவு நல்ல பெயர் என்று இன்றுதான் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். விசிறிக் காற்றில் தூசி என்று ராஜதுரையிடம் சொன்னேன். அவன் நம்பவில்லை. எழுந்து விசிறியை நிறுத்திவிட்டு, "எப்பப்பா புறப்படுதிய?" என்று கேட்டான்.

உளி, அரம், ரம்பம் எல்லாம் பையில் எடுத்து வைத்துவிட்டேன். ரம்பம் பழசு, ஆனால் பாய்மரத்தில் முக்கால் சாண் குறைக்கப் போதும். உனக்கு மூக்கு இடிக்காத பட்டை மடிக்க இன்று சாயங்காலம் ஓலை வாங்கி வந்து மடித்துப் பார்த்தேன். முதல் இரண்டு கிழிந்தது, மூன்றாவது சரியாக வந்தது.

உன் கடிதத்தை நான் இன்னும் பிரிக்கவில்லை. பிரித்தால் உறை கிழிந்துவிடும், எனக்கு மனது வரவில்லை. உள்ளே என்ன எழுதியிருந்தாலும் நாளை நீயே வாயால் சொல்லு. உறையை ஓரம் மடங்காமல் சட்டைப்பையில், நெஞ்சுப் பக்கமாக வைத்திருக்கிறேன். ராத்திரியும் சட்டையைக் கழற்றாமல்தான் படுக்கப் போகிறேன். வந்ததும் கண்ணாடிச் சட்டம் போட்டு, தோணிக்குப் பக்கத்தில் ஜன்னலில் மாட்ட வேண்டும்.

காசிலிங்கம்